நடுவில் உட்கார்ந்த கடிகாரம்

என் நாட்குறிப்புகளில் ஓர் இடத்தில் மட்டும் அடுத்தடுத்துச் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில்கூட இரண்டு வரியாவது எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்கள் விட்டுப்போனதற்குக் காரணம் சோம்பல் அல்ல. நான் அப்போது இருந்த கட்டடத்துக்குள் சொந்தக் காகிதம் எதையும் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்த பிறகு நிரப்பியிருக்கலாம். ஒரு நாளின் பக்கத்தை இன்னொரு நாளில் உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. இப்போது ஐம்பதைத் தாண்டிய பிறகு, அந்த வழக்கத்தை ஒருமுறை மீறுகிறேன்.

தொண்ணூறுகளின் முற்பாதி. பிரேசர் டவுனில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் அச்சகத்தில் நான் தமிழ் டிடிபி ஆபரேட்டர், கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, சர்ச் மாத இதழ், கண்ணீர் அஞ்சலி, துணிக்கடை நோட்டீஸ் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். வருடத்தில் ஒருமுறை மட்டும் அச்சகத்தின் பின்கட்டு வேறு இடமாகிவிடும். பெங்களூரில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் அப்போது நிறைய இருந்தார்கள். உருது வழியிலும் இருந்தார்கள். அவர்களுக்கும் கன்னட வழிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு தேர்வின் வினாத்தாள்களை அச்சடித்துக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வரும். அதற்காக உள்ளே போகிறவர்கள், கடைசிக் கட்டு சீல் வைக்கப்பட்டு வண்டியில் ஏறிப் போகும்வரை வெளியே வர முடியாது. கதவுக்கு வெளியே பூட்டு, பூட்டுக்கு வெளியே ஒரு போலீஸ்காரர்.

ஜன்னல்களுக்குப் பிளைவுட் அடித்துவிடுவார்கள். டெலிபோன் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். சாப்பாட்டு கேரியரைப் போலீஸ்காரர் திறந்து, சாம்பாரைக்கூடக் கரண்டி விட்டுக் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார். உள்ளே புழங்கும் வெள்ளைத்தாள் ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். எண் குறைந்தால் எல்லோருக்கும் சோதனை. அந்த வருடம் கைக்கடிகாரங்களையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார்கள். கால்குலேட்டர் வைத்த டிஜிட்டல் வாட்சுகள் பரவலாக வந்திருந்தன. எதில் எதை எழுதி வைக்கலாம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முள் வாட்சு, எண் வாட்சு என்று பிரித்துப் பார்ப்பானேன் என்று எங்கள் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அவர் கன்னடக்காரர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘ஆகல்ல’ என்று கன்னடத்தில் சொல்வார். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

என் தங்கை நர்ஸ். வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பா அம்மா போன பிறகு ஜோகுபாளையத்தில் இரண்டு அறை வீட்டில் நான், என் மனைவி, அவள் என்று மூன்று பேர். ஒப்பந்தம் முடிகிறவரை ஊருக்கு வர விடுமுறை தரமாட்டார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வினாத்தாள் வேலைக்கு நான் பெயர் கொடுத்தபோது அவளுடைய பயணத் தேதி தெரியாது. டிக்கெட் வந்தபோது என் பெயரை எடுக்க வழியில்லை. அச்சகத்தில் தமிழ் தெரிந்த ஆபரேட்டர் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை மாலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில், மறுநாள் மெட்ராஸிலிருந்து விமானம். வியாழக்கிழமையே வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. முந்தைய வருடங்களில் அப்படித்தான் முடிந்தது.

உள்ளே போகிற அன்று காலை அவள் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை வந்துடுவே இல்லண்ணா?”

“வியாழனே வந்துடுவேன். உன் பெட்டியைக் கட்டப்போறதே நான்தான்.”

“நீ கட்டினா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். அங்கே போய்த் திறக்கவே மனசு வராது.” கொஞ்சம் நிறுத்தி, “வரலைன்னா?” என்றாள்.

“வருவேன்னு சொல்றேன்ல.”

“வரலைன்னா போ. ரயில் உங்க பிரஸ்ஸுக்குப் பின்னாடிதானே போகுது. ஜன்னல்லேருந்து கை காட்டிட்டுப் போறேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உள்ளே என்னுடன் இருந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கன்னட ஆபரேட்டர், என்னைவிடச் சின்னவர், ஜாலியான மனிதர். இன்னொருவர் உருது எழுதும் பாய். உருதுவுக்கு அப்போது எங்களிடம் கம்ப்யூட்டர் எழுத்து இல்லை. அவர் மூங்கில் பேனாவை மையில் தொட்டுக் கையாலேயே முழு வினாத்தாளையும் எழுதிவிடுவார். பிரேசர் டவுனிலேயே பிறந்தவர், தமிழும் தக்கினி உருதுவும் கலந்து பேசுவார். இவர்களைத் தவிர ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர்களும் கட்டுக் கட்டுகிறவர்களும் அடுத்த ஹாலில் இருந்தார்கள்.

எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கன்னடமும் தமிழும் அதில்தான் முறை வைத்து அடிக்க வேண்டும். கல்வித் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கேள்விகள் எந்த டிஸ்கிலும் பதியக் கூடாது. அழித்ததை மறுபடி எடுத்துவிடுகிற புரோகிராம்கள் வந்துவிட்டன என்று யாரோ அவருக்குக் காட்டியிருந்தார்கள். அதனால் ஃப்ளாப்பி போடும் வாயை அரக்கு வைத்து அடைத்துவிட்டார்கள். ஹார்டு டிஸ்கில் புரோகிராம்கள் மட்டும் இருக்கும். நாங்கள் அடிக்கிற கேள்விகள் எல்லாம் மெமரியிலேயே ஒரு பகுதியைத் தட்டுப் போல ஒதுக்கி அங்கே வைக்கப்படும். மின்சாரம் நின்றால், அல்லது கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால், அந்தத் தட்டில் இருப்பது ஒன்றும் மிஞ்சாது. அதிகாரிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கையெழுத்துப் பிரதியும் எங்களிடம் இருக்காது. அடித்து முடித்துத் திரையில் சரிபார்த்ததும் மேற்பார்வையாளர் அதை உறையில் போட்டு அரக்கு வைத்துவிடுவார். அந்த உறையை அதிகாரி வந்துதான் திறக்கலாம். ஆக, சரிபார்த்த நிமிடத்திலிருந்து அச்சாகிற நிமிடம் வரை ஒரு வினாத்தாள் அந்த மெமரியில் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பு எப்போதும் கடைசியில்தான் வந்துசேரும். அந்த வருடம் வழக்கத்தைவிடத் தாமதம். வியாழக்கிழமை கன்னடம் அச்சாகிக் கட்டும் கட்டியாகிவிட்டது. பாய் தன் பேனாக்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். நான் முடித்தால்தான் எல்லோருக்கும் கதவு திறக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை காலை கடைசித் திருத்தங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரம் இல்லை. சுவர்க் கடிகாரம் எப்போதோ நின்றுபோனது. பிளைவுட் அடித்த அறையில் டியூப்லைட் வெளிச்சத்துக்குக் காலையும் மாலையும் ஒன்றுதான். மேற்பார்வையாளர் கையில் மட்டும் வாட்சு இருந்தது. அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மணி கேட்டேன்.

“என்னா சார் நீங்க, டைம் என்னா டைம் என்னான்னு அவரு உயிரை எடுக்கிறீங்க?” என்றார் கன்னட ஆபரேட்டர். “ரயில் சாயந்திரந்தானே?”

“தெரியும். இருந்தாலும்...”

“ஒரு நிமிஷம் எழுந்திருங்க. ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. வரும்போது உங்களுக்கு ஒரு கிஃப்ட் இருக்கும்.”

நான் காபி குடித்துவிட்டு வந்தபோது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மணி, நிமிடம், நொடி. அதன் கீழே என் தமிழ் வரிகள் அப்படியே இருந்தன.

“ஹார்டு டிஸ்க்லே சும்மா கிடந்தது சார். ரொம்ப சின்னது. இனிமே யாரையும் கேக்க வேண்டாம், நீங்களே பாத்துக்குங்க.”

உண்மையாகவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மீதித் திருத்தங்களை முடித்தேன். மேற்பார்வையாளர் வந்து வரிவரியாகப் பார்த்தார். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எண்களை மட்டும் தன் கண்ணால் சரிபார்த்தார். கையெழுத்துப் பிரதியை உறையில் போட்டார். மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். நான் எழுதும் புரோகிராமை மூடிவிட்டு, பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்பும் பெரிய புரோகிராமைக் கூப்பிட்டேன்.

போதுமான மெமரி இல்லை என்று ஒரு வரி வந்தது.

மறுபடி கூப்பிட்டேன். அதே வரி. கன்னட எழுத்துகளைத் திரையில் காட்டும் புரோகிராம் இன்னும் மெமரியில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மெமரியில் எவ்வளவு காலி என்று கேட்கிற கட்டளையைக் கொடுத்தேன். அது இரண்டு எண்களைக் காட்டும். மொத்தக் காலி இடம் ஒன்று. ஒரே துண்டாகக் கிடைக்கிற பெரிய இடம் இன்னொன்று. மொத்தம் தாராளமாகப் போதும். ஒரே துண்டாக இருப்பது போதாது.

படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி பஸ்ஸின் பின்வரிசை இருக்கைதான். ஆறு பேர் உட்காரலாம். யாரோ ஒருவர் வந்து நட்டநடுவில் உட்கார்ந்துவிடுகிறார். ஒல்லியான மனிதர்தான். ஆனால் அவருக்கு இந்தப் பக்கமும் இடம் துண்டு, அந்தப் பக்கமும் துண்டு. நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டிய குடும்பம் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். அந்த ஒல்லி மனிதர் கடிகாரம்.

“அதை எடுத்துடுங்க,” என்றேன்.

கன்னட ஆபரேட்டர் கட்டளைகளை அடித்துப் பார்த்தார். முகம் மாறியது. எங்கள் தமிழ் எழுத்துப் புரோகிராமையும் கன்னடத்தையும் மெமரியில் ஏற்றினால் வேலை முடிந்ததும் இறக்கிவிடலாம். கடிகாரத்தை எழுதியவர் அதை இறக்குவதற்கு வழி வைக்கவில்லை. ஏறினால் ஏறியதுதான்.

“ரீஸ்டார்ட் பண்ணா போயிடும் சார்,” என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். ரீஸ்டார்ட் செய்தால் தமிழ் வினாத்தாளும் போய்விடும்.

பாய் எங்கள் இருவரையும் பார்த்தார். “க்யா தம்பி, மௌத் ஆன வீடு மாதிரி நிக்கிறீங்க?”

சொன்னோம். அவர் தன் பேனாப் பெட்டியைத் தட்டினார். “இதுலே மெமரியே நக்கோ, வேணவே வேணாம். தொட்டா எழுதும், துடைச்சா படுக்கும்.” யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

கன்னட ஆபரேட்டர் மேற்பார்வையாளரிடம் போனார். கேள்விகளை ஹார்டு டிஸ்கில் ஒரே ஒரு முறை எழுதி வைத்து, ரீஸ்டார்ட் செய்து, மெமரிக்கு மாற்றிவிட்டு, டிஸ்கில் இருப்பதை அழித்துவிடலாம். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். நானும் கூட நின்றேன். அது சரியான வழி என்றுதான் எனக்கும் தோன்றியது.

“ஆகல்ல,” என்றார்.

“சார், அழிச்சிடுவோம். உங்க கண்ணு முன்னாடியே.”

“கண்ணு முன்னாடி அழிச்சதைக் கண்ணு முன்னாடி திரும்ப எடுத்துக் காட்டினாங்கப்பா, அதிகாரி ஆபீஸ்லே. நான் பாத்தேன். எந்த டிஸ்க்லயும் ஏறலைன்னு கையெழுத்து போட்டிருக்கேன்.”

“அப்போ உறையைப் பிரிக்கணும். அதிகாரி வரணும். திரும்ப மொத்தமும் அடிக்கணும்,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “எனக்கு இன்னிக்கு சாயந்திரம்...”

“தெரியும்,” என்றார். “தங்கச்சி.” பிறகு மெதுவாக, “அதிகாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா? அவர் வந்துசேர நாளைக்கு ஆகும்.”

வேண்டாம் என்றேன். யோசிக்கக் கொஞ்ச நேரம் கேட்டேன்.

கடிகாரம் திரையின் மூலையில் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் திரையில் எதையும் பார்க்க முடியவில்லை. கன்னட ஆபரேட்டர் சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்தது. நாலு சுவருக்குள் ஒருவர்மேல் கோபப்பட்டால் அதையும் வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வர இடமில்லை. பின்பக்கம் ஒரு சரக்கு ரயில் போனது. மேஜைமேல் தம்ளர்கள் கிணுகிணுத்தன. அதே தண்டவாளத்தில்தான் அவளும் போவாள் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை எதையும் முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பது. கன்னட ஆபரேட்டரிடம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க கடிகாரத்தை ஏத்தினப்போ என்னென்ன பண்ணீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க.”

“இப்போ அதெல்லாம் எதுக்கு சார்? ஏற்கனவே பேஜாரு.”

“சொல்லுங்க.”

“நீங்க காபிக்குப் போனீங்க. திரையிலே உங்க தமிழ் ஓப்பனா இருந்தது. நான் அதை மூடலை, உங்க வேலை கெட்டுடும்னு. உள்ளே இருந்தபடியே வெளியே வர்ற கட்டளை இருக்கில்ல, அதைக் கொடுத்து வெளியே வந்தேன். கடிகாரத்தை ஏத்தினேன். திரும்ப உள்ளே போயிட்டேன். அவ்வளவுதான்.”

எழுதும் புரோகிராமை மூடாமல், அதை அப்படியே உட்கார வைத்துவிட்டுத் தற்காலிகமாக வெளியே வந்திருக்கிறார். என் வேலையைத் தொடக் கூடாது என்ற மரியாதை. அதனால்தான் கடிகாரம் நடுவில் போய் உட்கார்ந்தது. அது ஏறும்போது கீழ்ப்பகுதியை என் புரோகிராம் அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலேதான் கடிகாரத்துக்கு இடம் கிடைத்தது. பிறகு நான் புரோகிராமை மூடினேன், கீழே காலியாயிற்று. கடிகாரம் மட்டும் மேலே தனியாக நின்றுவிட்டது.

காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. எண் போட்ட தாளைக் கிறுக்கக் கூடாது. கட்டுகளில் அடையாளம் போடும் சாக்பீஸை எடுத்து சிமென்ட் தரையிலேயே நீளக் கட்டங்கள் போட்டேன். அடியில் கம்ப்யூட்டரின் சொந்தக் காரியங்கள். அதன்மேல் தமிழ் எழுத்துப் புரோகிராம். அதன்மேல் காலி. அப்புறம் கடிகாரம், ஒரு கோடு மாதிரி. அதன்மேல் மறுபடி காலி.

பாய் குனிந்து பார்த்தார். “ஏன் தம்பி, பாண்டி ஆடப்போறீங்களா? சில்லு எடுத்தாரட்டுமா?”

இந்த முறை கன்னட ஆபரேட்டர் சிரித்தார். எழுந்து வந்து கட்டங்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டின் அளவையும் திரையில் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் கட்டத்துக்குள் எழுதினேன். தமிழ் எழுத்துகளை இறக்கிவிட்டால் கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற துண்டு மட்டுமே பெரிய புரோகிராமுக்குப் போதும். மயிரிழையில் போதும்.

“போதும்தான். ஆனா தமிழ் எழுத்து இல்லாம எப்படி சார் தமிழ் பிரின்ட் ஆகும்?”

“எழுத்தைக் கடிகாரத்துக்கு மேலே ஏத்தணும்.”

“அது சொன்னா கேக்குமா? கீழே காலி இருந்தா கீழேதானே போய் உக்காரும்.”

“கீழே காலி இல்லைன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “அய்யோ,” என்றார். “நான் பண்ண அதே தப்பு.”

“அதே தப்புதான். தெரிஞ்சே பண்ணணும்.”

தமிழ் எழுத்துகளை இறக்க வேண்டும். எழுதும் புரோகிராமைத் திறந்து கீழ்ப்பகுதியை அடைத்துக்கொள்ள வேண்டும். மூடாமல், அவர் வந்த அதே வழியாக வெளியே வந்து, தமிழ் எழுத்துகளை ஏற்ற வேண்டும். அவை கடிகாரத்துக்கு மேலே போய் உட்காரும். பிறகு உள்ளே போய் எழுதும் புரோகிராமை ஒழுங்காக மூடினால் கீழ்ப்பகுதி முழுக்கக் காலியாகும். தரையில் இது சரியாக வந்தது. கம்ப்யூட்டரில் வருமா என்று சோதித்துப் பார்க்க இன்னொரு கம்ப்யூட்டர் இல்லை. வழியில் எங்காவது உறைந்து நின்றுவிட்டால் ரீஸ்டார்ட் தவிர வேறு வழியில்லை.

மேற்பார்வையாளரிடம் சொன்னோம். டிஸ்கில் ஏதாவது எழுதுமா என்று கேட்டார். எழுதாது என்றேன். “அப்போ செய்,” என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

தமிழ் எழுத்துகளை இறக்கினேன். எழுதும் புரோகிராமைத் திறந்தேன். எழுத்துகள் இல்லாததால் என் வினாத்தாள் முழுக்கப் புள்ளியும் கோடும் குறியுமாகத் தெரிந்தது. அது அப்படித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். வெளியே வரும் கட்டளையைக் கொடுத்தேன். தமிழ் எழுத்துகளை ஏற்றினேன். ஏறிக்கொண்டது.

அப்போது கரண்ட் போனது.

டியூப்லைட்டுகள் அணைந்தன. அடுத்த ஹாலில் மின்விசிறிகள் சுற்றி ஓய்கிற சத்தம். கம்ப்யூட்டர் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது, யுபிஎஸ் கீக் கீக் என்று கத்தியது. அதன் பேட்டரி பழையது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அசையவில்லை. அசைந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதுபோல நின்றோம். ஹாலில் யாரோ ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார். அது இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். கடிகாரம் இருட்டில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ்ஸின் சத்தம் நெருக்கமானது. “யா அல்லா, அந்தக் கயித்தை மனுஷன் மாதிரி இழுங்கடா!” என்று பாய் கத்தினார். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது. யுபிஎஸ் வாயை மூடியது.

எழுதும் புரோகிராமுக்குள் திரும்பிப் போனேன். தமிழ் தெரிந்தது. மூடினேன். பெரிய புரோகிராமைக் கூப்பிட்டேன். திரை கறுப்பாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு திறந்தது. லேசர் பிரின்டர் சூடாகிற வாசனை வந்தது. முதல் பக்கம் பட்டர் பேப்பரில் வெளியே வந்தபோது கன்னட ஆபரேட்டர் அதைத் தொடாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கங்கள் பிளேட்டுக்குப் போக வேண்டும், பிளேட் மிஷினுக்குப் போக வேண்டும், அச்சான தாள்களை எண்ணிக் கட்டி, துணி சுற்றித் தைத்து, அரக்கு வைக்க வேண்டும். ஆட்கள் சாப்பிடாமல்கூட ஓட்டினார்கள். கட்டுக் கட்டுகிறவர்களோடு பாயும் உட்கார்ந்து எண்ணினார். என்னுடைய வேலை முடிந்துவிட்டது. நான் ஒருவன் போனால் எதுவும் குறையாது. மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன்.

“ஆகல்லப்பா,” என்றார். “ஒருத்தரை விட்டா கதவு திறந்ததுன்னு எழுதணும். கதவு ஒரு தடவைதான் திறக்கும்.”

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூலையில் கடிகாரம். மணி கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு இப்போது நொடிகூடத் தெரிந்தது. திரையை அணைக்கலாமா என்று கன்னட ஆபரேட்டர் மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ரயில் ஸ்டேஷனில் நிற்கிற நேரம் வந்தது. அடுத்த ஹாலில் இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“காகித குடோன்லே மீதி ரீம் எவ்வளவு இருக்குன்னு கணக்குக் கொடுக்கணும். நீ போய் எண்ணு.”

“இப்பவா?”

“இப்போதான். கீழே நின்னு எண்ணினா ஒத்துக்க மாட்டேன். மேல் அடுக்கு வரைக்கும் ஏறு.”

குடோன் பின்சுவரை ஒட்டியது. காகிதம் பூசணம் பிடிக்காமல் இருக்க அங்கே கூரைக்குக் கீழே ஒரு வென்டிலேட்டர் உண்டு. அதற்கு மட்டும் பிளைவுட் அடிக்கவில்லை, வெறும் கம்பிவலை. அதன் கிட்டே யாரும் போகக் கூடாது என்பது உள்ளே வரும்போது படித்துக் காட்டிய விதிகளில் ஒன்று. நான் ரீம்களின்மேல் ஏறினேன். மேல் அடுக்கில் மண்டியிட்டால் வலை என் முகத்துக்கு நேரே இருந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு சாயங்கால வெயிலைப் பார்த்தேன். கண் கூசியது.

ரயில் மெதுவாகத்தான் வந்தது. காம்பவுண்டு சுவர் குறுக்கே இருந்ததால் பெட்டிகளின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. ஜன்னல்களின் மேல்விளிம்பும், வெளியே நீண்ட கைகளும். எத்தனை கைகள்! ஊரைவிட்டுப் போகிற ரயிலில் எல்லோரும் யாருக்காவது கை காட்டுகிறார்கள். குழந்தைகளோ, ஆளே இல்லாத இடத்தைப் பார்த்தும் காட்டுகிறார்கள். வளையல் போட்ட கைகள் பல. எது அவளுடையது என்று பார்க்கப் பார்க்க அடுத்த பெட்டி வந்தது. என் கை தானாக வலைவரைக்கும் போனது. வலையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே சைகை காட்டக் கூடாது. கடைசிப் பெட்டி போன பிறகும் ரீம்கள் என் முழங்காலுக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தன.

இறங்கி வந்தேன். மேற்பார்வையாளர் குடோன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“எவ்வளவு?”

“எண்ணலை சார்.”

“அப்போ திரும்ப ஏறு,” என்றார்.

ஏறினேன். எண்ணினேன். அவர் எழுதிக்கொண்டார்.

வண்டி வந்து கட்டுகள் ஏறின. கதவு திறப்பதற்கு முன்பு, தரையில் இருந்த சாக்பீஸ் கட்டங்களை மேற்பார்வையாளர் ஈரத்துணியால் தானே துடைத்தார். கம்ப்யூட்டரை நான்தான் அணைத்தேன். வினாத்தாளும் தமிழ் எழுத்துகளும் கடிகாரமும் ஒன்றாகப் போயின. பிஸ்கட் டப்பாவிலிருந்து அவரவர் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டோம். என்னுடையது சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோயிருந்தது. கன்னட ஆபரேட்டர் தன் ஸ்கூட்டரில் ஜோகுபாளையம் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, “சார், நான் நல்லதுக்குன்னு நினைச்சு...” என்றார். “தெரியும்,” என்றேன். அது போதாது என்று தோன்றி, உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வந்தார்.

தங்கை போய்ச் சேர்ந்து சில வாரங்களுக்குப் பிறகு எங்கள் தெருமுனைக் கடைக்கு போன் செய்தாள். கடைக்காரர் ஆள் அனுப்பினார், நான் ஓடினேன். நான் பேசியது அவளுக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் ஆனது. அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதும் ஒரே நேரத்தில் நிறுத்துவதுமாக இருந்தது.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ரயில்லே நான் உங்க பிரஸ் பக்கம் உக்காரவே இல்லை. என் சீட்டு என்னவோ பிரஸ் பக்கம்தான். எதிர்ப் பக்கம் இருந்தவங்களைக் கேட்டு அங்கே மாத்திக்கிட்டேன். அந்தச் சுவரைப் பார்த்தா இறங்கிடுவேனோன்னு இருந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “நீ எங்கேயாவது நின்னு பார்த்தியா?”

கடைக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் பழைய பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

“நான் ரீம் எண்ணிட்டிருந்தேன்,” என்றேன்.

அது அங்கே போய்ச்சேர்ந்தது. “அதானே பார்த்தேன்,” என்று அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.